கருவி மாறும் வேளை

ஒரு காரியத்தைத் தொடங்குவது எவருக்கும் எளிது. தொடங்கியதை நடுவில் நிறுத்தி, விட்ட இடத்தை மறவாமல் மறுபடியும் தொடர்வதுதான் கஷ்டம். பாதிக் கோலத்தில் எழுந்து போன பெண்மணி திரும்பி வந்து, புள்ளி பிசகாமல் இழையைச் சேர்ப்பதில் இந்தக் கஷ்டம் உண்டு. தறியில் நூல் அறுந்த நெசவாளிக்கும் உண்டு. கணினியின் கட்டளைப்படி இரும்பையும் மரத்தையும் வெட்டுகிற இக்காலத்து யந்திரங்களுக்கும் இதே கஷ்டம் உண்டு என்று சொன்னால் நேயர்கள் வியப்படையலாம். கணினி மறக்குமா, பிசகுமா என்று கேட்கலாம். கணினி மறப்பதில்லை, ஆனால் அதற்குக் கண் கிடையாது. அதன் கையில் இருக்கும் கருவியை மாற்றி வைத்தால், புதிய கருவி நெட்டையா குட்டையா என்பது அதற்குத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல வேண்டிய வேளையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறோம். பட்டறையில் அதற்கு 'டூல் சேஞ்ச்' என்று பெயர். சில விநாடிகளில், அல்லது சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிற சிறு காரியந்தான் அது. ஆயினும் அந்தச் சில நிமிஷங்களில் ஒரு நல்ல ஜாப் உருவாவதும் உண்டு, குப்பைக்குப் போவதும் உண்டு. ஒரு வாலிபனுடைய பிழைப்பு உயர்வதும் உண்டு, இருந்த இடத்திலேயே நின்று விடுவதும் உண்டு.

பெங்களூர்ச் சாலையில் ஒரு கிராமம்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ராஜபாட்டையில் பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்தால் குத்தம்பாக்கம் வருகிறது. திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். இந்தப் பிரதேசத்துக்குப் பழம்பெருமை மிகுதி. பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகளின் ஊர். திருமழிசை யாருடைய ஊர் என்பதை அந்த ஆழ்வாரின் பெயரே சொல்லும். இன்னும் மேற்கே போனால் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்.

தேசம் விடுதலை பெற்ற பிறகு இதே பிரதேசம் வேறொரு பெருமையையும் தேடிக்கொண்டது. 1955-ஆம் வருஷம் ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் நோக்கம் என்று தீர்மானம் செய்தது. அதே ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அதற்கு முந்திய வருஷமே அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட ஹூண்டாய் கம்பெனி 1998-இல் தன் முதல் மோட்டார் வண்டியை விற்பனைக்கு அனுப்பியது. திருமழிசையிலும் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. பெரிய ஆலைகளைச் சுற்றிலும் அவற்றுக்கு வேண்டிய சிறு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் பெருகின. இன்று அத்தகைய பட்டறைகளில் பழைய லேத்துக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக் கதவு வைத்த 'சி. என். சி.' யந்திரம் நிற்பதைக் காணலாம்.

குத்தம்பாக்கத்துக்கு மட்டும் உரிய பெருமை ஒன்று உண்டு. பொறியியல் கற்றுத் தேர்ந்த ஸ்ரீ இளங்கோ என்பவர், விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தம் சொந்த ஊராகிய இக்கிராமத்துக்குத் திரும்பினார். 1996-இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பத்து வருஷகாலம் அப்பதவியில் இருந்தார். காந்தியடிகளின் கிராம ராஜ்யக் கொள்கையிலும், ஜே. சி. குமரப்பாவின் கிராமப் பொருளாதாரத்திலும் பற்றுக்கொண்டு அவர் வேலை செய்தார். பல ஜாதியாரும் ஒரே சுவரின் இரு புறமும் குடியிருக்கும் இரட்டை வீடுகள் இந்த ஊரில் எழுந்தன. கிராமத்தார் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் திறமை பெறவேண்டும் என்பது அங்கே பேசப்பட்ட பேச்சு.

அந்தப் பேச்சுக்கும் கண்ணாடிக் கதவு வைத்த யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். காந்தியடிகள் யந்திரத்தையே வெறுத்தவர் அல்லர். தையல் யந்திரத்தைத் தம் ஆட்சேபத்துக்கு விலக்காக அவரே 1924-இல் சொல்லியிருக்கிறார். யந்திரம் மனிதனுக்கு வேலையாளா, மனிதன் யந்திரத்துக்கு வேலையாளா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து, யந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் பையனைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம். விடை எங்கே கிடைக்கும் என்றால், கருவி மாறும் அந்த வேளையில் கிடைக்கும்.

கட்டளை படிக்கும் யந்திரம்

இந்த யந்திரத்தின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்வோம். அமெரிக்காவில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், வளைவான உருவங்களைத் துல்லியமாக வெட்டுவதற்குக் கணக்கின் உதவியை நாடினார். அந்த முயற்சியைத் தொடர்ந்து, மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் எண்களால் நடத்தப்படும் வெட்டு யந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். துளையிட்ட காகித நாடா அதற்குக் கட்டளை. யந்திரம் நாடாவைப் படித்து, மூன்று திசைகளிலும் தானே நகர்ந்து வெட்டியது. காகித நாடா போய்க் கணினி வந்தபின், 'கணினி எண் கட்டுப்பாடு' என்னும் பொருளில் சி. என். சி. என்ற பெயர் நிலைத்தது.

முதல் யந்திரத்தில் கருவியை மனிதனே மாற்ற வேண்டியிருந்தது. 1950-களின் கடைசியில் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த கியர்னி அண்டு டிரெக்கர் கம்பெனியார், தானே கருவி மாற்றிக்கொள்ளும் யந்திரத்தைக் கொண்டுவந்தனர். பற்பல கருவிகள் ஒரு சக்கரத்தில் வரிசையாகக் காத்திருக்க, இரு முனையுள்ள ஒரு கை பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகும். இன்று அம்பத்தூர்ப் பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் யந்திரத்தில் 20 அல்லது 24 கருவிகள் இப்படிக் காத்திருக்கும். மாற்றுவதற்குச் சில விநாடிகளே ஆகும்.

நம் தேசத்தில் 1953-இல் பெங்களூரில் எச். எம். டி. தொடங்கப்பட்டது. 1962-இல் யந்திரக் கருவி ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிலையம் ஒன்று அந்நகரில் ஏற்பட்டது. கோயம்புத்தூரில் நூற்பு யந்திரங்களுக்குப் பெயர் பெற்ற எல். எம். டபிள்யூ. கம்பெனி இந்தக் கணினி யந்திரங்களையும் செய்கிறது. ஆகவே யந்திரம் அந்நியச் சரக்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இனி இடமில்லை. அதை நடத்தும் அறிவு நம்மிடம் முழுமையாக இருக்கிறதா என்பதே விசாரணைக்கு உரியது.

ஒரே கருவி ஏன் போதாது?

தச்சர் ஒரே உளியால் கதவு செய்வதில்லை. ஸ்தபதி ஒரே உளியால் சிலை செதுக்குவதில்லை. முதலில் பாரமான உளியால் கல்லைப் பெயர்க்கிறார். பிறகு சிற்றுளியால் முகத்தைத் திறக்கிறார். யந்திரத்துக்கும் அதே முறைதான்.

ஓர் அலுமினியத் தகட்டில் நான்கு துளைகள் போட்டு, அவற்றில் 6 மில்லிமீட்டர் திருகாணி முறுக்கும்படி மரை வெட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அகன்ற கட்டரால் தகட்டின் மேல்முகத்தைச் சமன் செய்யவேண்டும். பிறகு சென்டர் ட்ரில் கொண்டு நான்கு இடங்களிலும் குழி இடவேண்டும். அப்புறம் 5 மில்லிமீட்டர் ட்ரில் துளைக்கவேண்டும். கடைசியில் டாப் இறங்கி மரை வெட்டவேண்டும். இத்தனை சிறு காரியத்துக்கு நான்கு கருவிகள், மூன்று மாற்றங்கள்!

இங்கே முதல் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. ஒரு துளைக்குக் குழி, துளை, மரை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த துளைக்குப் போனால் பன்னிரண்டு தடவை கருவியைக் கையாள வேண்டும். நான்கு குழிகளையும் ஒரே கருவியால் முடித்து, பிறகு நான்கு துளைகள், பிறகு நான்கு மரைகள் என்று போனால் மாற்றங்கள் குறையும். சமையலறையில் நான்கு பேருக்குத் தோசை வார்ப்பவள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாவு கரைப்பதில்லை அல்லவா?

நெட்டையும் குட்டையும்

இப்போது விஷயத்தின் மர்ம ஸ்தானத்துக்கு வருவோம்.

யந்திரத்துக்கு உயரம் தெரிவதற்கு நாம் ஒரு பூஜ்யத்தைக் குறித்துக் கொடுக்கவேண்டும். முதல் கருவியின் நுனி தகட்டின் மேல்முகத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, 'இதுதான் பூஜ்யம்' என்று சொல்லுகிறோம். அது முதல் யந்திரம் அந்த இடத்திலிருந்து மேலும் கீழும் கணக்கிடுகிறது.

முதல் கருவி அதன் பிடியிலிருந்து 92 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்க. இரண்டாவதாக வரும் ட்ரில் 118 மில்லிமீட்டர் நீளம். வித்தியாசம் 26. இந்த 26-ஐ யந்திரத்துக்கு யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 'மேல்முகத்துக்கு மேலே 5 மில்லிமீட்டர் வரைக்கும் வேகமாக இறங்கு' என்று கட்டளையில் எழுதியிருக்கும். யந்திரம் பழைய கணக்கின்படி கீழ்ப்படிதலோடு இறங்கும். ட்ரில்லின் நுனியோ, மேலே 5 மில்லிமீட்டரில் நிற்பதற்குப் பதிலாக, மேல்முகத்துக்குக் கீழே 21 மில்லிமீட்டர் போக முயலும். அதுவும் வெட்டுகிற நிதான வேகத்தில் அல்ல. வெறும் வெளியில் பறக்கிற வேகத்தில்! ட்ரில் முறியும், தகடு கெடும், வைஸ் பெயரலாம், யந்திரத்தின் உயிர்நிலையாகிய ஸ்பிண்டிலின் பேரிங்கே பழுதாகலாம். புதிய கருவி குட்டையாக இருந்தால் ஆபத்துக் குறைவு. அது காற்றை வெட்டிவிட்டுத் திரும்பும்.

இதற்குப் பரிகாரமாக யந்திரத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் நீளமும் அதில் பதிவாகும். இதைப் பட்டறையில் 'ஆஃப்செட்' என்பார்கள். 'டி 2 எம் 6' என்ற கட்டளை, இரண்டாம் கருவியை எடுத்து மாட்டு என்பது. அதை அடுத்து 'ஜி 43 எச் 2' என்ற கட்டளை வரவேண்டும். இரண்டாம் கருவியின் நீளத்தை அட்டவணையில் பார்த்து, அதற்கேற்ப உயரத்தைத் திருத்திக்கொள் என்பது அதன் பொருள். யந்திரத்தின் கை எத்தனை வேகமாகக் கருவியை மாற்றினாலும், அட்டவணையில் தவறான எண் இருந்தால், அல்லது எச் 2-க்குப் பதில் எச் 3 என்று எழுதிவிட்டால், விபத்தும் அதே வேகத்தில் வந்து சேரும். ஆகையால் கருவி எண்ணும் நீள எண்ணும் எப்போதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது அனுபவசாலிகள் வகுத்துக்கொண்ட விதி.

பூஜை அறைக் கதவு

தானே கருவி மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாப் பட்டறையிலும் இல்லை. முக்கியமாக மரவேலை செய்கிற சிறு யந்திரங்களில் பலவற்றுக்கு அந்தக் கை கிடையாது. நம் வீடுகளில் பூஜை அறைக்கு வாங்குகிறோமே, கஜலக்ஷ்மி உருவம் செதுக்கிய தேக்குக் கதவு, அத்தகைய வேலை இப்போது பெரும்பாலும் இந்தச் சிறு யந்திரங்களில்தான் நடக்கிறது. அங்கே கருவியை மாற்றுவது மனிதனுடைய கை.

முதலில் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள பிட் ஒன்று வேண்டாத மரத்தையெல்லாம் முரட்டுத்தனமாக எடுத்துவிடும். யானையும் தாமரையும் மேகத்துக்குள் மறைந்திருப்பதுபோல் மங்கலாகத் தெரியும். அந்த நிலையில் யந்திரம் நிற்கிறது. பையன் பெரிய பிட்டைக் கழற்றி, நுனி உருண்ட மெல்லிய பிட்டை மாட்டுகிறான். அது மணிக்கணக்காக ஓடி, அம்மனின் கண்ணையும் நகையையும் துலக்கவேண்டும்.

புதிய பிட்டின் உயரம் அரை மில்லிமீட்டர் மேலே தவறினால், முரட்டுப் பிட் விட்டுப்போன படிகளும் தழும்புகளும் அப்படியே நிற்கும். கீழே தவறினால், மெல்லிய நுனி தன் சக்திக்கு மீறிய மரத்தை வெட்ட நேர்ந்து முறியும். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். அம்மனின் மூக்குக்காக வைத்திருந்த மரம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். தேக்கு என்ன விலை விற்கிறது என்பதைக் கிரகஸ்தர்கள் அறிவார்கள்.

கையால் மாற்றும் முறை

ஆகவே கையால் மாற்றுகிறவன் கைக்கொள்ள வேண்டிய முறையைச் சற்று விரிவாகவே சொல்லுவோம்.

முதலாவது, கட்டளைத் தொடரிலேயே நிற்கவேண்டிய இடத்தைக் குறித்து வைக்கவேண்டும். 'எம் 00' என்ற கட்டளை வந்தால் யந்திரம் நின்று, பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். நிற்கும் முன் கருவி நன்றாக மேலே எழும்பி, ஸ்பிண்டில் சுழல்வதும் ஓய்ந்திருக்கவேண்டும். கட்டளை நின்றாலும் ஸ்பிண்டில் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கலாம். முற்றும் ஓய்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே கையை உள்ளே நீட்டவேண்டும். சுழலும் கருவிக்கு அருகில் கையுறை கூடாது. கையுறையின் ஒரு நூல் சிக்கினாலும் கையையே இழுத்துவிடும்.

இரண்டாவது, ஸ்பிண்டில் தவறிச் சுழன்றுவிடாதபடி அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். ஆனால் யந்திரத்தை நகர்த்தும் மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. சிறு யந்திரங்களில் அந்த மோட்டார்களே யந்திரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. பிடி விட்டால், ஸ்பானரின் ஒரு தள்ளலில் இடம் பெயர்ந்துவிடும். பெயர்ந்ததை யந்திரம் அறியாது. இதற்காகவே இரண்டு ஸ்பானர் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று தண்டைப் பிடித்து நிறுத்தும். மற்றது நட்டைத் திருப்பும். ஒன்றின் பலத்தை மற்றது ஏற்றுக்கொள்ளுமாதலால் யந்திரத்தின் மேல் சுமை விழுவதில்லை.

மூன்றாவது, கருவியைப் பற்றும் கோலெட்டையும் அதன் நட்டையும் தூரிகையால் சுத்தம் செய்யவேண்டும். சிறு சீவல் ஒன்று உள்ளே இருந்துவிட்டால் கருவி கோணலாக நிற்கும். பெரிய யந்திரங்களிலும் இதே கதைதான். அங்கே கருவிப் பிடி கூம்பு வடிவமாக இருக்கும். 24 பங்கு நீளத்துக்கு 7 பங்கு குறுகும் கூம்பு அது. அந்தச் சரிவு காரணமாக இறுகி ஒட்டிக்கொள்ளாமல் சுலபமாகக் கழன்று வரும். உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங்குகள் அதைப் பிடித்திழுத்து நிறுத்துகின்றன. கூம்பில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு சீவல் ஒட்டியிருந்தாலும், தூரத்தில் இருக்கும் நுனியில் அந்தக் கோணல் பெரிதாகித் துளையை அகலமாக்கிவிடும்.

நான்காவது, புதிய கருவியின் உயரத்தை மட்டும் புதிதாக அளக்கவேண்டும். இடவலமாகவும் முன்பின்னாகவும் குறித்த பூஜ்யங்களைத் தொடவே கூடாது. சில யந்திரங்களில் இந்தப் பொத்தான்கள் அருகருகே இருக்கின்றன. அவசரத்தில் மாற்றி அழுத்தினால் முதலுக்கே மோசம்.

எதைத் தொட்டு அளப்பது?

உயரத்தை அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு. சாதாரணக் காகிதத் துண்டை ஜாபின் மேல் வைத்து அசைத்துக்கொண்டே, ஓய்ந்திருக்கும் கருவியை மிக மெதுவாக இறக்குவார்கள். காகிதம் அசையாமல் பிடிபடும் கணத்தில் நிறுத்தி, காகிதத்தின் கனமாகிய சுமார் 0.1 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்வார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே பயன்படும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த முகத்தைத் தொட்டு முதலில் பூஜ்யம் குறித்தோமோ, அந்த முகத்தையே முதல் கருவி அரை மில்லிமீட்டர் சீவித் தள்ளியிருக்கலாம். இரண்டாம் கருவியால் அங்கேயே மறுபடியும் தொட்டால், பூஜ்யம் அரை மில்லிமீட்டர் இறங்கிப் போகும். தேக்குப் பலகையிலோ, தொடுவதற்கு மேல்முகமே மிஞ்சியிராது. ஆகவே அனுபவசாலி, வேலை தொடங்கும் முன்பே, எந்தக் கருவியும் வெட்டாத ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறான். அது ஜாப் படுத்திருக்கும் மேடையாக இருக்கலாம். வைஸின் அசையாத தாடையாக இருக்கலாம். மேடையின் ஓரத்தில் வைத்த ஒரு கட்டையாகவும் இருக்கலாம். முதல் கருவியையும் அங்கே தொட்டு எண்ணைக் குறித்துக்கொள்கிறான். அடுத்த கருவியையும் அங்கேயே தொடுகிறான். இரண்டு எண்களின் வித்தியாசமே கருவிகளின் வித்தியாசம். தொட்டவுடன் மின்சாரச் சுற்றுப் பூர்த்தியாகி யந்திரத்துக்குத் தானே தெரிவிக்கும் தகடும் உண்டு. அதை மேடையில் நிலையாகப் பதித்துவிட்டால் காகிதத்துக்கும் கண்ணுக்கும் வேலையில்லை.

இன்னொரு முறை, ஒவ்வொரு கருவியையும் தனித்தனிப் பிடியில் நிரந்தரமாக மாட்டி, நீளத்தை வெளியிலேயே அளந்து அட்டவணையில் எழுதிவிடுவது. பிடியோடு கழற்றிப் பிடியோடு மாட்டினால் நீளம் மாறாது. மற்றொரு எளிய முறையும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் கட்டளைத் தொடரைத் தனி ஏடாகப் பிரித்து வைத்துக்கொண்டால், நடுவில் குழம்புவதற்கு இடம் குறைகிறது. எந்த முறையானாலும் சாரம் ஒன்றே. கருவிகள் மாறலாம்; அளக்கும் ஆதாரம் மாறக்கூடாது.

மாற்றிய பிறகு முதல் இறக்கத்தை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கவேண்டும். இன்னும் எவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருக்கிறது என்பதை யந்திரத்தின் திரை காட்டும். அந்த எண்ணையும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். திரை 5 என்று சொல்ல, இடைவெளி ஒரு விரற்கடைக்கு மேல் இருந்தாலும் சரி, நூலளவே இருந்தாலும் சரி, நிறுத்திவிடவேண்டும். கை நிறுத்தும் பொத்தானின் மேலேயே இருக்கட்டும்.

நடுவில் முறிந்தால்

இதுவரை சொன்னது எதிர்பார்த்த மாற்றம். எதிர்பாராத மாற்றமும் உண்டு. ஏழாவது துளையில் ட்ரில் முறிகிறது. இன்னும் இருபது துளைகள் பாக்கி. புதிய ட்ரில்லை மாட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடங்கலாமா?

இங்கேதான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். யந்திரத்துக்கு ஞாபகம் உண்டு, ஊகம் கிடையாது. ஸ்பிண்டிலைச் சுழற்று, குளிர்ச்சி நீரைத் திற, இரண்டாம் கருவியின் நீளத்தைக் கணக்கில் கொள் என்ற கட்டளைகள் எல்லாம் அந்தக் கருவியின் பகுதியில் முதல் வரிகளில் இருக்கின்றன. நடு வரியில் தொடங்கினால் அவற்றை யந்திரம் படிக்காமலே போகக்கூடும். அப்போது ஸ்பிண்டில் சுழலாமலே ட்ரில் தகட்டின்மேல் இறங்கும். ஆகையால் கட்டளை எழுதுகிறவர், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனி அத்தியாயம்போல் எழுதி, அதன் தொடக்கத்தில் வேண்டிய கட்டளைகளை எல்லாம் மறுபடியும் சொல்லிவிட வேண்டும். நடத்துகிறவர், முறிந்த வரியில் தொடங்காமல் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். ஏற்கெனவே போட்ட ஆறு துளைகளில் ட்ரில் வீணாக இறங்கி ஏறும். சில விநாடிகள் நஷ்டம். அந்த நஷ்டம் லாபமே.

அதற்கு முன் ஏழாவது துளைக்குள் பழைய ட்ரில்லின் துண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ட்ரில் முறிந்த காரணத்தையும் விசாரிக்கவேண்டும். மழுங்கிப் போயிற்றா, சீவல் அடைத்துக்கொண்டதா, ஜாப் அசைந்துவிட்டதா? காரணம் அறியாமல் புதியதை மாட்டினால், அதுவும் எட்டாவது துளையில் முறியும்.

ஆபரேட்டரும் செட்டரும்

பட்டறைகளில் யந்திரத்தின் முன் நிற்பவர்கள் இரு வகுப்பார். ஒருவர் ஆபரேட்டர். ஜாபை மாட்டுவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் கழற்றுவது அவர் வேலை. மற்றவர் செட்டர். கருவிகளைத் தேர்ந்து மாட்டுவது, நீளம் அளப்பது, பூஜ்யம் குறிப்பது, தேய்ந்த முனைக்குப் பதில் புதியது வைத்து 0.02 மில்லிமீட்டர் திருத்தம் கொடுப்பது, முறிந்த இடத்திலிருந்து வேலையை மீட்பது அவர் வேலை. சம்பளத்திலும் மதிப்பிலும் இருவருக்கும் உள்ள தூரம் பெரிது. ஆராய்ந்து பார்த்தால், அந்தத் தூரத்தில் பெரும்பகுதி நாம் இதுவரை விவரித்த சில நிமிஷங்களின் அறிவுதான்.

இரவு முறையில் செட்டர் இல்லாத பட்டறையை எண்ணிப் பாருங்கள். நடுநிசியில் ஒரு முனை முறிகிறது. ஆபரேட்டருக்குப் பொத்தான் மட்டுமே தெரியும் என்றால், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய யந்திரம் விடியும்வரை தூங்கவேண்டும். அல்லது அவன் தைரியமாக ஏதோ செய்து, விடிவதற்குள் அதைப் பாழாக்க வேண்டும். கருவி மாற்றத் தெரிந்த பையன் ஒருவன் அங்கே நின்றால் இரண்டும் நேராது. மறுநாள் முதலாளி அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பொத்தானை அழுத்தும் வேலையை நாளைக்கு ஒரு யந்திரக் கை செய்துவிடும். பெரிய ஆலைகளில் செய்தும் வருகிறது. அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் பொத்தான் மட்டும் அறிந்தவன். அளக்கவும், சந்தேகிக்கவும், முறிந்ததை மீட்கவும் தெரிந்தவனுக்கு வேலை போகாது.

ஒரு யோசனை

அம்பத்தூரில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுக்கால யந்திரங்களோடு சீரமைக்க 2022-இல் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்துகொண்டது. யந்திரங்கள் வருவது மகிழ்ச்சிக்குரியதே. அவற்றில் எதைக் கற்பிக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைகட்டி நின்று, யந்திரம் அழகாக ஓடுவதை வேடிக்கை பார்ப்பதால் பிள்ளைகளுக்கு வித்தை வராது.

நமக்குத் தோன்றும் யோசனை சிக்கலானதல்ல. தேர்வு நாளில் மாணவனிடம் புதிய ஜாப் ஒன்றைக் கொடுக்கவேண்டாம். பாதி வேலை ஆன ஜாப் ஒன்றை யந்திரத்திலேயே மாட்டி வைத்துவிட்டு, முதல் கருவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். வேறு நீளமுள்ள கருவி ஒன்றை அவன் கையில் கொடுத்து, 'விட்ட இடத்திலிருந்து முடித்துத் தா' என்று சொல்லுங்கள். கூம்பைத் துடைக்கிறானா, வெட்டப்படாத இடத்தைத் தேடித் தொடுகிறானா, முதல் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கிறானா என்று பார்த்தால் போதும். அரை மணி நேரத்தில் அவன் ஆபரேட்டரா செட்டரா என்று தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குத்தம்பாக்கத்திலோ வேறு கிராமத்திலோ இருந்து உங்கள் பிள்ளையோ பெண்ணோ பட்டறை வேலைக்குப் போய்வந்தால், 'இன்றைக்கு எத்தனை ஜாப் முடித்தாய்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'நீயாகக் கருவி மாற்றினாயா? எதைத் தொட்டு அளந்தாய்?' என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால், கற்றுக்கொடுக்கச் சொல்லி செட்டரிடம் கேட்கத் தைரியம் சொல்லி அனுப்புங்கள்.